சதுர அடி ஒப்பந்தத்தில் கட்டிய வீடு: இரண்டு மழைக்குப் பின் ஒரு மதிப்பீடு

கோவில்பட்டியில், ஊர் முடிந்து பருத்திக்காடு தொடங்கும் எல்லையில் எங்களுக்கு ஐந்தரை சென்ட் மனை ஒன்று இருந்தது. 2023 ஆகஸ்டில் ஒப்பந்தம் எழுதி, 2024 ஆவணியில் அங்கே கட்டிய வீட்டில் குடிபுகுந்தோம். பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிக் கட்டித் தருகிற ஒரு நிறுவனத்திடம்தான் வேலையை ஒப்படைத்திருந்தோம். அதன்பின் இரண்டு வடகிழக்குப் பருவமழைகளையும் ஒரு முழுக் கோடையையும் வீடு பார்த்துவிட்டது. கரிசல் மண்ணில் நிற்கிற கட்டடத்தைப் பற்றி இதற்கு முன்பே எழுதியிருந்தால் அது பாதி மதிப்பீடாகத்தான் இருந்திருக்கும். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல, சதுர அடி ஒப்பந்தம் என்ற முறையிலேயே இருப்பவை என்பது என் கணிப்பு.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டியவர்களுக்கு ஐந்துக்கு நான்கு. கணக்கு எழுதியவர்களுக்கு ஐந்துக்கு இரண்டு. கொத்தனார்களும் கம்பி கட்டியவர்களும் தங்கள் தொழிலை அறிந்தவர்கள். சுவர்கள் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கின்றன, கூரையில் ஒழுக்கு இல்லை, கதவுகள் உரசாமல் மூடுகின்றன. எங்களுக்கு ஏற்பட்ட மனக்கசப்பு முழுவதும் காகிதத்தில் தொடங்கியது.

ஒப்பந்த விலை சதுர அடிக்கு 2,150 ரூபாய். பரப்பு 1,420 சதுர அடி. ஆக மொத்தம் 30,53,000 ரூபாய். இந்தப் பெருக்கலில் எல்லோரும் 2,150 என்ற எண்ணைத்தான் பேரம் பேசுகிறோம். நானும் 2,200-இலிருந்து 50 ரூபாய் குறைத்துவிட்டதாகப் பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். 1,420 என்ற மற்ற எண்ணை யார் எப்படி அளந்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அனுமதி பெற்ற வரைபடத்தில் சுவரின் வெளிப்புறத்திலிருந்து கணக்கிட்டால் 1,345 சதுர அடிதான் வருகிறது. கூரைத் தளம் சுவரைத் தாண்டி வெளியே நீளும் பகுதி, முன்புறப் போர்டிகோ, மாடிப்படிக்கு மேல் எழும்பும் அறை ஆகியவற்றையும் முழு விலையிலேயே சேர்த்தபோது 75 சதுர அடி கூடியிருக்கிறது. அதன் மதிப்பு 1,61,250 ரூபாய். சுவரும் தரையும் இல்லாத ஒரு போர்டிகோவுக்கு, சமையலறைக்குக் கொடுக்கிற அதே விலையைக் கொடுத்திருக்கிறோம் என்பது கடைசித் தவணை கட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. இதில் மோசடி எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் ‘மொத்தக் கட்டுமானப் பரப்பு’ என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்பதை மட்டும் எழுதவில்லை.

அடுத்தது, விலைக்குள் வராதவை. சம்ப் எனப்படும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி தனி. 8,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 18 ரூபாய் வீதம் 1,44,000 ரூபாய் ஆயிற்று. தொட்டியை லிட்டர் கணக்கில் விற்பார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சுற்றுச்சுவர் தனி, ஓடும் அடிக்கு 1,500 ரூபாய் வீதம் 90 அடிக்கு 1,35,000. மொட்டைமாடியில் பதித்த வெள்ளை வெயில்தடுப்பு ஓடு தனி, 1,280 சதுர அடிக்கு 95 ரூபாய் வீதம் 1,21,600. சாலை மட்டத்தைப் பார்த்தபின் பேஸ்மென்டை, அதாவது மண்மட்டத்துக்கு மேல் வீட்டைத் தாங்கி நிற்கும் பீடத்தை, இரண்டரை அடியிலிருந்து மூன்றரை அடியாக உயர்த்தியதற்கு 68,000. அடித்தளத்தைக் கூடுதல் ஆழத்துக்குக் கொண்டுபோனதற்கு 92,000. மின்சாரத்தில் அறைக்கு இத்தனை பாயிண்ட் என்ற வரம்பைத் தாண்டிய 22 பாயிண்டுகளுக்கு 650 வீதம் 14,300. இவற்றின் கூட்டுத்தொகை 5,74,900 ரூபாய், அதாவது ஒப்பந்தத் தொகையில் ஏறத்தாழ 19 விழுக்காடு. மொத்தத்தைப் பரப்பால் வகுத்தால் சதுர அடிக்கு 2,555 ரூபாய் வருகிறது. அலமாரிக் கதவுகள், சமையலறை மரவேலை, கிரில் கேட் எதுவும் இதில் சேரவில்லை. அவற்றை நாங்கள் வேறு ஆட்களை வைத்துச் செய்துகொண்டோம்.

இந்தப் பட்டியலில் எனக்கு வருத்தமே இல்லாத செலவு அந்த 92,000 மட்டும்தான்.

கரிசலின் குணம் எங்கள் பக்கத்து விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சித்திரை மாதத்தில் எங்கள் மனையிலேயே கை நுழைகிற அளவுக்கு வெடிப்புகள் ஓடிக்கிடக்கும். மண்ணில் உள்ள ஒருவகைக் களிமண் தண்ணீரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்வதுதான் காரணம் என்று பொறியாளர்கள் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட மண்ணுக்காகவே அடியில் குமிழ்போல் விரிந்த தூண்களை இறக்கும் முறையை ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. ஒரு தள வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை என்றாலும், ஆண்டுதோறும் ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வருகிற மேல் மண்ணைத் தாண்டி அடித்தளம் போயாக வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. எங்கள் ஒப்பந்தத்தில் ‘ஐந்து அடி ஆழம்’ என்று இருந்தது. மனையை வந்து பார்க்கும் முன்பே தட்டச்சு செய்யப்பட்ட வரி அது. எல்லா வாடிக்கையாளருக்கும் அதே ஐந்து அடிதான் என்பதைப் பின்னால் வேறு ஒருவருடைய ஒப்பந்தத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மண் பரிசோதனை செய்யலாமா என்று நிறுவனத்தின் பொறியாளரிடம் கேட்டபோது, “ஒரு தளத்துக்கு எதுக்கு சார், இந்த ஏரியா மண்ணு நமக்குத் தெரியாததா?” என்றார். என் அப்பாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எங்கள் செலவில் 12,000 ரூபாய் கொடுத்து இரண்டு இடங்களில் துளையிட்டுப் பார்த்தோம். ஏழரை அடியில்தான் சுக்கான் தட்டு, அதாவது சுண்ணாம்புக் கல் கலந்த கெட்டியான அடுக்கு, இருந்தது. அறிக்கையைக் காட்டியபின் பொறியாளர் மறுப்புச் சொல்லாமல் அடித்தளத்தின் வரைபடத்தை மாற்றித் தந்தார். அதைப் பாராட்டத்தான் வேண்டும். தோண்டிய கரிசலைத் திரும்பக் குழிக்குள் தள்ளாமல் கிராவல் எனப்படும் சரளை மண்ணைக் கொண்டுவந்து நிரப்பவும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கிராவலும் ‘கூடுதல்’ கணக்கில் லோடு லோடாக எழுதப்பட்டது. ஒரு லோடு 2 யூனிட், அதாவது 200 கன அடி என்பது பில். லாரித் தொட்டியின் உள்ளளவை நாடா பிடித்துப் பார்த்தேன்: நீளம் 11 அடி, அகலம் ஆறரை, உயரம் இரண்டரை. பெருக்கினால் 179 கன அடிகூட வரவில்லை. ஓட்டுநர் சிரித்துக்கொண்டே, “இதுதான் சார் ஊர் வழக்கம்” என்றார். அதன்பின் வந்த லோடுகளை அளந்த அளவுக்கே கணக்கிட்டார்கள். நான் சண்டை எதுவும் போடவில்லை. நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதே போதுமாக இருந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க முடியாது. எங்கள் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அப்போது எங்கள் வீடு பேஸ்மென்ட் வரை எழும்பி, உள்ளே கிராவல் நிரப்பி, தரைக் கான்கிரீட் போடாமல் நின்றது. சுற்றிலும் தண்ணீர் தேங்கி, வடிந்து போனபின் பார்த்தால் கூடத்தின் ஒரு மூலையில் நிரப்பிய மண் நான்கு விரற்கடை உள்வாங்கியிருந்தது. மழை வராமல் அதன்மேல் கான்கிரீட் போட்டிருந்தால், பின்னாளில் டைல்ஸுக்கு அடியில் வெற்றிடம் விழுந்திருக்கும். நிரப்பியபோது தண்ணீர் விட்டு அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இடித்து இறுக்கவில்லை என்பது அதிலிருந்தே தெரிந்தது. இந்த முறை மேஸ்திரியே முன்வந்து, மண்ணை மீண்டும் நிரப்பி, அரை அடிக்கு ஒருமுறை தண்ணீர் பாய்ச்சித் திமிசுக் கட்டையால் இடித்து, நான்கு நாள் ஆறப்போட்ட பிறகே அடுத்த வேலைக்குப் போனார். இதற்கு ஒரு பைசாகூடக் கூடுதலாகக் கேட்கவில்லை. நிறுவனத்தைப் பற்றி நான் நல்லதாக நினைவு வைத்திருக்கும் வாரம் அது.

கூரைக் கான்கிரீட் போட்ட நாளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். 2024 பிப்ரவரி கடைசி வாரம், காலை ஆறரை மணிக்குக் கலவை இயந்திரம் ஓடத் தொடங்கியது. எம்20 என்ற வலுத்தரத்துக் கலவைக்கு 1 பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), 3 பங்கு ஜல்லி. ஐந்து அங்குலத் தளத்துக்கும் உத்தரங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 18 கன மீட்டர் வரும், கன மீட்டருக்கு எட்டு மூட்டை என்றால் 144 மூட்டை சிமென்ட் செலவாக வேண்டும் என்று முந்தின இரவே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலிச் சாக்குகளைப் பத்துப் பத்தாகக் கட்ட வைத்தார். மாலையில் எண்ணியபோது 143 இருந்தன. சிமென்டில் ஒரு கைப்பிடிகூடக் குறைக்கவில்லை.

தவறு தண்ணீரில் இருந்தது. இயந்திரத்தருகே நின்ற இளைஞர் ஒவ்வொரு மூட்டைக்கும் 20 லிட்டர் பெயின்ட் வாளியில் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டிருந்தார். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 456, எம்20 கான்கிரீட்டுக்கு அனுமதிக்கிற உச்ச அளவின்படி, சிமென்டின் எடையில் 0.55 பங்குதான் தண்ணீர் இருக்கலாம். 50 கிலோ மூட்டைக்கு இருபத்தேழரை லிட்டர். இவர் ஊற்றியது 40 லிட்டர். கலவை கூழ்போல வழிந்தது. பாண்டுச்சட்டியில் ஏந்திச் சென்ற சித்தாள்களின் முந்தானை வரை சிமென்ட் பால் ஒழுகியது. மிகுதியான தண்ணீர் ஆவியாகிப் போனபின் அது இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாக நிற்கும், வலுவும் குறையும், பின்னாளில் கம்பி துருப்பிடிக்கவும் அதுவே வழி.

மேஸ்திரியிடம், “அண்ணாச்சி, தண்ணி கூடுதலா இருக்கே” என்றேன். “கம்பிக்கு இடையில சல்லி இறங்கணும்ல தம்பி, கெட்டியா இருந்தா தேன்கூடு விழுந்திரும்” என்றார். கான்கிரீட்டுக்குள் தேன்கூடுபோல ஓட்டைகள் விழும் என்ற அவருடைய பயமும் நியாயமானதுதான். ஆனால் அதற்குத் தீர்வு தண்ணீர் இல்லை, கலவையை அதிரவைத்து இறக்கும் வைப்ரேட்டர். அது இயந்திரத்தின் பின்னால் சாக்குப் போட்டு மூடிச் சும்மா கிடந்தது. ஓட்டத் தெரிந்தவர் அன்றைக்கு வரவில்லை என்று பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். அரை மணி நேரம் வேலை நின்றது. வேறொரு தளத்திலிருந்து ஆள் வந்து சேர்ந்தார். வாளியின் உட்புறத்தில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டு, மூட்டைக்கு ஒன்றேகால் வாளி, அதாவது 25 லிட்டர் என்று முடிவாயிற்று. எம் சாண்டில் ஏற்கனவே இருந்த ஈரத்துக்காக மீதியை விட்டுவைத்தோம். அதற்குள் ஏழெட்டு மூட்டைக் கலவை போர்டிகோவின் மேல் விழுந்துவிட்டது. போர்டிகோக் கூரையின் அடிப்பக்கத்தில் மட்டும் இன்று மயிரிழை வெடிப்புகள் தெரிவதற்கு அதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனாலும் வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறபோதெல்லாம் அந்த இரண்டு வாளிதான் நினைவுக்கு வருகிறது.

சோதனைக்காக 15 சென்டிமீட்டர் கனச்சதுர அச்சுகளில் கலவை எடுத்து வைக்க வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தேன். கொண்டுவந்திருந்தார்கள். 28 நாள் கழித்து ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்தில் நசுக்கிப் பார்த்ததில் மூன்றுமே தேறின. ஆனால் அவை கரிக்கோடு போட்டபின் எடுத்த கலவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கான்கிரீட் இறுகும்வரை அதை ஈரமாக வைத்திருக்கும் ‘கியூரிங்’ வேலையில் நிறுவனத்துக்கு அக்கறை இல்லை. ஒப்பந்தத்தில் ‘கியூரிங் உரிமையாளர் பொறுப்பு’ என்று ஒரு வரி சிறிய எழுத்தில் இருந்தது. எங்கள் பகுதியில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட், அதற்குப் பத்து நாள் குறைந்தபட்சம், பதினான்கு நாள் நல்லது என்பது அதே விதிநூலின் கணக்கு. கூரையில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது எளிது. தூண்கள்தான் சிரமம்; சாக்குச் சுற்றி நாளுக்கு மூன்று முறை நனைத்தோம். அம்மாவின் முழங்கால் வலிக்கு அந்த மாடிப்படிகளும் ஒரு காரணம். இந்தப் பொறுப்பை உரிமையாளர் ஏற்பதில் தவறில்லை. ஆனால் மனைக்குப் பக்கத்தில் குடியிருக்காதவர்கள் இந்த ஒரு வரிக்காகவே தனியாக ஓர் ஆளை நியமிக்க வேண்டியிருக்கும், அந்தக் கூலியும் சதுர அடி விலைக்குள் வராது.

பணம் கொடுத்த முறையைப் பற்றி நான் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும். நிறுவனம் தந்த அட்டவணைப்படி, ஒப்பந்தம் போடும்போது 20 விழுக்காடு, பேஸ்மென்டுக்கு 20, லிண்டலுக்கு (கதவு, சன்னல்களுக்கு மேல் வரும் உத்தர மட்டம்) 20, கூரைக்கு 20, பூச்சுக்கு 15, சாவி தரும்போது 5. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் கூரை போட்ட அன்றைக்கே 80 விழுக்காடு கைமாறிவிடுகிறது. வேலையோ பாதியைச் சற்றுத்தான் தாண்டியிருக்கிறது. பூச்சு, டைல்ஸ், மின்சாரம், குழாய், கதவு, வண்ணம் என்று பொருளும் பொறுமையும் தேவைப்படுகிற கட்டம் முழுவதும் மீதி 20 விழுக்காட்டில் நடந்தாக வேண்டும். எங்கள் வீட்டில் கூரை வரை வேலை ஆறு மாதத்தில் முடிந்தது. அதன்பின் ஆறரை மாதம் ஆயிற்று. ஏப்ரலில் பதினெட்டு நாள் ஓர் ஆள்கூட வரவில்லை. ஒன்பது மாத ஒப்பந்தம் பன்னிரண்டரை மாதம் இழுத்தது. தாமதத்துக்கு எந்த இழப்பீடும் எழுதப்படவில்லை. நாங்கள் தவணை தவறினால் மட்டும் வட்டி எழுதப்பட்டிருந்தது.

இதோடு வங்கியின் கணக்கு வேறு. வீட்டுக்கடனை வங்கி ஒரு கட்டம் முடிந்தபின், தன் பொறியாளர் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் விடுவிக்கிறது. நிறுவனமோ அந்தக் கட்டம் தொடங்கும் முன்பே கேட்கிறது. நடுவில் விழும் மூன்று நான்கு வார இடைவெளியை நாங்கள் இரண்டு முறை நகைக்கடனால் அடைத்தோம். அட்டவணையை வங்கி விடுவிக்கும் கட்டங்களோடு பொருத்திக் கேட்டிருந்தால் நிறுவனம் ஒத்துக்கொண்டிருக்கும் என்றே நினைக்கிறேன். பத்திரத்தில் கையெழுத்துப் போடும்வரை அவர்கள் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.

பொருட்களின் தரத்தில் பெரிய குறை இல்லை. கம்பிக்கு மட்டும் எடை போட்டுப் பார்த்தேன். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி 12 மீட்டர் நீளத்துக்குப் பத்தரைக் கிலோவைச் சற்றுத் தாண்ட வேண்டும், தாண்டியது. செங்கலை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்றது. எம் சாண்டைக் கண்ணாடிப் புட்டியில் தண்ணீரோடு குலுக்கி வைத்ததில் ஒரு லோடில் மட்டும் தூசிப் படலம் விரல் தடிமனுக்கு மேலே நின்றது. காட்டியதும் அதைத் தரை நிரப்ப ஒதுக்கிவிட்டு வேறு கொண்டுவந்தார்கள்.

வம்பு, கண்ணுக்குத் தெரியும் பொருட்களில்தான் வந்தது. சுவிட்ச், குழாய், வாஷ்பேசின் எல்லாவற்றுக்கும் ஒப்பந்தத்தில் நல்ல பிராண்டுகளின் பெயரை எழுதி, கூடவே ‘அல்லது அதற்கு இணையான’ என்ற மூன்று சொற்களைச் சேர்த்திருந்தார்கள். எதற்கு எது இணை என்று முடிவு செய்வது யார் என்பதுதான் கேள்வி. கடைசியில் பிராண்டு எதுவும் வரவில்லை, இணைகள் மட்டுமே வந்தன. குளியலறைக் குழாய் ஒன்று பத்தாவது மாதத்தில் கழுத்தோடு கையில் வந்துவிட்டது. டைல்ஸுக்குச் சதுர அடிக்கு 55 ரூபாய் ஒதுக்கீடு. ஆனால் அவர்கள் கைகாட்டிய கடையில்தான் வாங்க வேண்டும், அந்த விலைக்குமேல் வரியும் ஏற்றுக்கூலியும் எங்களுடையது. அதே டைல்ஸ் மதுரையில் சதுர அடிக்கு 6 ரூபாய் குறைவாகக் கிடைத்தது என்பதைத் தங்கை கடைக்கு நேரில் போய்ப் பார்த்துச் சொன்னாள். பேசிப் பார்த்தபின், ஒதுக்கீட்டுத் தொகையைக் கழித்துக்கொண்டு நாங்களே வாங்க விட்டார்கள். பில் கேட்டால் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேரும் என்று மென்மையாக நினைவூட்டியதும் இந்தப் பேச்சின்போதுதான். பொருளும் சேர்ந்த ஒப்பந்தத்துக்கு வரி உண்டு, தனி வீட்டுக்கான கூலி மட்டும் ஒப்பந்தத்துக்கு விலக்கு உண்டு என்பது சட்டம். ஆனால் 2,150 என்று பேசும்போது அது வரி சேர்ந்ததா சேராததா என்று யாரும் வாய்திறப்பதில்லை.

பூச்சுக்கு முன் சுவரில் பதித்த மின்குழாய்களையும் தண்ணீர்க் குழாய்களையும், பக்கத்தில் அளவுநாடாவை விரித்து வைத்து, சுவர் சுவராகப் படம் எடுத்து வைத்தோம். இதைச் சொல்லிக் கொடுத்தவர் நிறுவனத்தின் எலெக்ட்ரீஷியன்தான். இதுவரை பதினான்கு ஆணி அடித்திருக்கிறோம்; ஒன்றும் குழாயில் படவில்லை. குளியலறைகளில் டைல்ஸுக்கு முன் இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு முகம் சுளிக்காமல் செய்தார்கள். ஒரு குளியலறையில் கசிந்தது, உடைத்துச் சரிசெய்தார்கள்.

இனி, சாவி வாங்கிய பின்னான சேவை. 50,000 ரூபாயை ஓராண்டுக்கு நிறுத்தி வைக்க ஒப்புக்கொண்டிருந்தார்கள். அது எழுத்தில் இருந்த ஒரே பாதுகாப்பு. முதல் மழையில் பின்கதவு ஊதிப் பிடித்தபோது மூன்று நாளில் தச்சர் வந்து இழைத்துக் கொடுத்தார். சிக்கல் சுற்றுச்சுவரில் வந்தது. வீட்டுக்கு ஏழரை அடி தோண்டியவர்கள், சுற்றுச்சுவருக்கு இரண்டரை அடியோடு நிறுத்தி நேராகக் கரிசலின் மேல் எழுப்பிவிட்டார்கள். அது தனிக் கணக்கில் கடைசியில் அவசரமாகச் செய்த வேலை, நானும் அந்தப் பக்கம் போகவில்லை. 2025 மே மாதத்தில் வடக்குச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு ஓடியது. அளந்தபோது 6 மில்லிமீட்டர். வெடிப்பின் இரு பக்கமும் பென்சிலால் புள்ளி வைத்துத் தேதி எழுதினேன். பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, “கரிசல் அப்படித்தான் சார், மழை வந்தா சேர்ந்துக்கும்” என்று சொல்லிப் போனார். நவம்பரில் அளந்தேன், 2 மில்லிமீட்டர். சொன்னபடியே சேர்ந்துதான் கொண்டிருக்கிறது. இந்தச் சித்திரையில் மறுபடி திறக்கும். சுக்கான் தட்டில் நிற்கும் வீட்டுச் சுவர்களில் இதுவரை ஒரு கீறல்கூட இல்லை.

50,000 ரூபாயில் 20,000 இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சுவரைச் சரிசெய்தால் தருகிறேன் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன். சொந்த மனையில் நம் வீட்டைக் கட்டித் தருகிறவரிடம், மனை, அடுக்குமாடி விற்பவர்களைக் கட்டுப்படுத்தும் ரெரா சட்டத்தைக் காட்ட முடியாது. ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டுமானமும் ‘சேவை’ என்றே வரையறுக்கப்பட்டிருப்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி இருக்கிறது. அதுவரை போகிற எண்ணம் எனக்கு இல்லை. போக முடியும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருப்பதால் தொலைபேசியை எடுக்கிறார்கள்.

யாருக்கு இந்தச் சேவை ஒத்துவரும் என்று கேட்டால், தினமும் ஒருமுறையாவது மனைக்குப் போய் நிற்க ஒருவர் இருக்கிற குடும்பத்துக்கு ஒத்துவரும். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் ஒருமுறை வந்து பார்க்கிறவர்கள், நிறுவனத்தைச் சாராத ஒரு பொறியாளரைத் தனியாகச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளாமல் இதில் இறங்கக் கூடாது. நிறுவனத்தின் பொறியாளர் திறமைசாலிதான். ஆனால் வேலையைச் செய்கிறவரும் அதைச் சரிபார்க்கிறவரும் ஒரே இடத்தில் சம்பளம் வாங்குகிறார்கள்.

அதே நிறுவனம் இப்போது எங்களுக்கு இரண்டு மனை தள்ளி இன்னொரு வீட்டைத் தொடங்கியிருக்கிறது. போன வாரம் நடந்து போய்ப் பார்த்தேன். குழிகள் தோண்டியிருந்தார்கள், அளந்து பார்க்காமலே தெரிந்தது, ஐந்து அடி. உரிமையாளர் திருப்பூரில் வேலை பார்க்கிறவர், விடுப்பில் வந்திருந்தார். மண் பரிசோதனையைப் பற்றியும் சுக்கான் தட்டைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், நான் மூச்சு வாங்கிய இடத்தில், “அதிருக்கட்டும் சார், நீங்க சதுர அடிக்கு எவ்வளவு குடுத்தீங்க?” என்றார். 2,555 என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “எனக்கு 2,300-க்கே முடிச்சுத் தர்றாங்க” என்றார்.